திருப்பி வைத்த காற்று

“ஏம்மா, பஸ்ஸுக்கெல்லாம் போற ஊரோட பேரு. காத்துக்கு மட்டும் ஏன் வர்ற ஊரோட பேரு?”

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. வானொலியில் யாரோ ‘வடக்குக் காற்று வலுக்கும்’ என்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். வடக்குக் காற்று என்றால் வடக்கிலிருந்து வருவது என்று அம்மா சொன்னதுதான் தாமதம், குழந்தை பிடித்துக்கொண்டாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“காத்துக்குக் கண்டக்டர் கிடையாதுடி. எங்க போய் நிக்கும்னு அதுக்கே தெரியாது. அதான் வந்த ஊர் பேரைச் சொல்லிக்கிட்டுத் திரியுது” என்று ஒருவழியாகச் சமாளித்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். காற்றைக் கணக்கெடுக்கும் காற்று அறைக்காரர் மட்டும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். காரணம் இருந்தது. கடலோர ஆய்வு அலுவலகத்தில் அது தினசரிப் பஞ்சாயத்து. காற்று பார்ப்பவர்களுக்குத் ‘தெற்கு’ என்றால் தெற்கிலிருந்து வருவது. கடலின் ஓட்டம் பார்ப்பவர்களுக்குத் ‘தெற்கு’ என்றால் தெற்கே போவது. ஒரே சொல், ஒரே மாடி, எதிரெதிர் அறைகள், எதிரெதிர் அர்த்தம். இரண்டையும் சேர்த்து வரைபடம் போடுவது அவளுடைய வேலை. ஆகவே காற்று அறையிலிருந்து வரும் கணக்கைத் தன் கணினியில் ஏற்றியதும் அவள் முதலில் அதை ஒரு முறை திருப்பிப் போடுவாள். வருகிற திசையைப் போகிற திசையாக மாற்றுவது. பல் தேய்ப்பது போலக் கை தானாகச் செய்கிற காரியம்.

காற்று அறைக்காரருக்கு அலுவலகம் வைத்த பெயர் காத்தாடி. அவருக்கும் அது தெரியும், கோபமில்லை. அவள் மட்டும் அண்ணன் என்று கூப்பிடுவாள். மகள் வளர்ந்து கல்லூரிக்குப் போகும் காலம் வந்தபோது அவர் ஓய்வு பெறும் காலமும் வந்துவிட்டது. அந்த வருடம் பருவக் காற்று மாறும் மாதத்தின் கடைசியில் அவருக்கு விடை கொடுப்பதாக இருந்தார்கள்.

கப்பல் வந்து நின்றது அதற்கு முந்தைய வருடம்.

பழைய எண்ணெய்க் கப்பல். இயந்திரம் பழுது என்று கரைக்கு எட்டத்தில் நங்கூரம் போட்டார்கள். முதலாளிகள் ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் மறைந்தார்கள். சம்பளமில்லாத மாலுமிகளை ஒரு நாள் படகு வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. வயிறு நிறையக் கெட்டி எண்ணெயோடு கப்பல் மட்டும் நின்றது. ஊர் முதலில் வேடிக்கை பார்த்தது, பிறகு பார்க்காமலிருக்கப் பழகியது. ஆனால் கப்பல் சும்மா இருக்கவில்லை. மாதத்துக்கு மாதம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது, தூக்கத்தில் சரியும் தலை போல. அலுவலகச் சாப்பாட்டு அறையின் ஜன்னலில் அது நேராகத் தெரியும். அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் யாரிடமும் சொல்லி வைத்துக்கொண்டதில்லை, அப்படி ஆகிவிட்டது.

பருவக் காற்று மாறுவதற்கு முன் மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது: கப்பல் உடைந்தால் எண்ணெய் எங்கே போகும்?

கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருந்தது. எண்ணெயை மறிக்கும் மிதவைத் தடுப்பு, ஆரஞ்சு நிறத்தில் தொடர்தொடராகக் கிடங்கில் கிடப்பது, ஒரே ஒரு இடத்தை அடைக்கத்தான் போதும். வேறு ஊரிலிருந்து வரவழைக்க வாரக்கணக்கில் ஆகும். தெற்கே துறைமுகமும் நீண்ட மணற்கரையும். வடக்கே கழிமுகம், கடல் நிலத்துக்குள் நுழைந்து சேறாகவும் அலையாத்திக் காடாகவும் படுத்திருக்கிற இடம். தடுப்பை எங்கே போடுவது?

மணலில் ஒட்டிய எண்ணெயைச் சுரண்டி அள்ளிவிடலாம். பாறையில் ஒட்டினால் அலை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் கழுவிவிடும். கழிமுகம் அப்படியல்ல. அலையாத்தி மரம் மூச்சு விடுவது வேரால். சேற்றுக்கு மேலே விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வேர்களில் எண்ணெய் படிந்தால் மூக்கைப் பொத்தியது மாதிரி. சுத்தம் செய்யப் போகிறவன் காலே எண்ணெயை இன்னும் ஆழத்தில் மிதித்துவிடும். அவள் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தச் சேற்றைக் கிளறினால் கறுப்பு வரும். அங்கே சிப்பி பொறுக்கியும் நண்டு பிடித்தும் வாழ்கிறவர்கள் வேறு எங்கே போவார்கள் என்று காட்ட எந்த வரைபடத்திலும் நிறம் கிடையாது.

அந்த வாரம் முழுக்க அவள் வரைபட அறையை விட்டு நகரவில்லை. வீட்டில் கணவர் ஊன்றுகோலோடு நடமாடிக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் முன்பு ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து, ஒரு மழைக்காலம் பூராவும் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அந்த மழைக்காலத்தை நினைத்தால் அவளுக்குக் காத்தாடி அண்ணன் ஞாபகம்தான் வரும்.

அப்போது விடியற்காலையில் படகுகளுக்கு அலைச் செய்தி அனுப்ப வேண்டியது அவள் பொறுப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி ஓடி வந்தும் பல நாள் நேரம் தப்பிவிடும். ஆனால் ஒரு நாள்கூட யாரும் அவளைக் கேள்வி கேட்கவில்லை. செய்தி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கணினிதான் தானாக அனுப்புகிறது போலும் என்றுகூட நினைத்தாள். கணவர் வீடு திரும்பி வெகு நாள் கழித்து வாசல் காவலாளிதான் போகிறபோக்கில் சொன்னார்: “மழையில நனைஞ்சுக்கிட்டு வந்து உங்க நாற்காலியில உக்காருவாரும்மா காத்தாடி. விடிஞ்சதும் எழுந்து தன் ரூமுக்குப் போயிடுவாரு.”

அவள் போய்க் கேட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, “எனக்குத் தூக்கம் வர்றதில்லம்மா. வீட்டுல புரள்றதுக்கு இங்க வந்து உக்காந்திருந்தேன். இதப் போய்ப் பெருசா...” என்று சொல்லி, பேச்சை மாற்றிவிட்டார். அதற்கு மேல் நன்றி சொல்லவும் வழியில்லாமல் போயிற்று.

இறைவன் சில மனிதர்களை அப்படிப் படைத்திருக்கிறான். கொடுத்ததைக் கொடுத்த கையே மறந்துவிடும். அப்படிப்பட்டவர்களால்தான் உலகம் அச்சு முறியாமல் ஓடுகிறது. ஆனால் ஒரு கைக்குத் தெரியாமல் இன்னொரு கை வேலை செய்தால் சில சமயம் என்ன நடக்கும் என்பதை அந்த வாரம் காட்டியது.

கப்பலுக்காக, போன வருடங்களில் இதே பருவத்தில் வீசிய காற்றின் கணக்கைக் கேட்டு, தன் கறுப்பு டிஸ்க்கை அவரிடம் கொடுத்திருந்தாள். மறுநாள் காலை நடையில் நின்று மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அப்பாவின் மாத்திரைச் சீட்டு எங்கே என்று மகள், அலமாரிக்கு மேலே பார் என்று இவள், பார்த்தாயிற்று இல்லை என்று மகள். அந்த நேரம் பார்த்து அண்ணன் கடந்து போனார்.

“எல்லாம் திருப்பி வெச்சிருக்கேன்மா. உன் மேசை மேல இருக்கு.”

அவள் போனைக் காதில் வைத்தபடியே சரி என்று தலையாட்டினாள். டிஸ்க்கைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டார், நல்லது. மேசைக்குப் போனாள். டிஸ்க் இருந்தது. கணக்கை ஏற்றினாள். கை வழக்கம்போல் காற்றை ஒரு முறை திருப்பிப் போட்டது.

இரவு பகலாக உழைக்கிறாளே, அவளுக்கு ஒரு வேலையாவது குறையட்டும் என்று அண்ணன் அந்தக் காற்றையெல்லாம் ஏற்கெனவே திருப்பி வைத்திருந்தார் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவை திருப்பினால் சரி. இரண்டு தடவை திருப்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். திரைக்குள் தெற்கிலிருந்து வீச வேண்டிய காற்று வடக்கிலிருந்து வீசத் தொடங்கியது. யாருக்கும் கேட்காமல் வீசியது.

விடை வந்தபோது எல்லோருக்கும் நிம்மதி. எண்ணெய் தெற்கே போகும், மணற்கரைக்கு; அங்கே சிவப்பு. கழிமுகம் முழுக்கப் பச்சை, ஆபத்தில்லை. வரைபடத்தில் காற்றின் அம்புக்குறிகள் இல்லை. பார்க்க முள்காடு மாதிரி இருக்கிறது என்று இயக்குநர் எடுக்கச் சொல்லியிருந்தார். நிறம் மட்டும் இருந்தது. மனசுக்குப் பிடித்த விடை வந்தால் யாரும் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பதில்லை. அவளும் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். தடுப்பை லாரியில் ஏற்றித் துறைமுக வாய்க்குக் கொண்டுபோனார்கள்.

அறிக்கையோடு சேர்க்க ஒவ்வொரு கரைக்கும் புகைப்படம் வேண்டும் என்றார்கள். கழிமுகத்துக்கு அவளே போனாள். அலுவலக ஜீப் ஓட்டுநர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

“பச்சை அடிச்ச இடத்துக்கு எதுக்கு மேடம் போட்டோ? பாஸ் ஆன பையனோட பேப்பரைத் திரும்பத் திருத்துற மாதிரி இருக்கு.”

“பாஸானது எப்படின்னு பாக்க வேணாமா?”

“அதுவும் சரிதான். எங்க காலத்துல நான் பாஸானது எப்படின்னு பாத்திருந்தா என்னை உள்ளயே விட்டிருக்க மாட்டாங்க.”

ஜீப்பை மேட்டில் நிறுத்திவிட்டு அவர் பீடி பற்ற வைத்தார். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

முதலில் அமைதிதான் உறைத்தது. காட்டில் கொக்கு இருக்கும், ஏதாவது கத்திக்கொண்டிருக்கும். அன்று ஒன்றுமில்லை. வற்றின நீருக்கு மேலே வேர் விரல்கள் ஆயிரக்கணக்கில் நின்றன, எதையோ தரச் சொல்லிக் கேட்பதுபோல. தூரத்தில் சிப்பி பொறுக்கும் பெண் ஒருத்தி குனிந்திருந்தாள். அவள் மேல் ஏதோ ஆரஞ்சு நிறத்தில் மின்னியது. கிட்டப் போனபோதுதான் தெரிந்தது, உயிர்காப்புச் சட்டை. முதுகில் பாதி அழிந்த எழுத்துகள். அது கப்பலின் பெயர்; சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு முதுகைத் திருப்பும்போதெல்லாம் வரைபடக்காரி கண்ணில் ஒரு வருடமாகப் பட்டுவரும் பெயர்.

“இது எங்கக்கா கெடச்சுது?”

“இதுவா? கப்பல்லேருந்து. எனக்குப் பொறந்த வீடு இல்லைங்கற கொறையை அந்தக் கப்பல்தான் தீக்குது.” பெண் சிரித்தாள். “போன வருசம் இதே காத்துல வாளி வந்துச்சு, கயிறு வந்துச்சு, ஒத்தைக் கால் பூட்ஸ் வந்துச்சு. இன்னொரு காலையும் அனுப்பச் சொல்லுங்க, புண்ணியமாப் போவும்.”

வரைபடக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. கப்பல் இருக்கும் தெற்குப் பக்கம் திரும்பி நின்றாள். காற்று முகத்தில் அடித்தது. புதுப் பருவத்தின் முதல் காற்று. லேசாக எண்ணெய் வாடை. அவளுடைய வரைபடம் உண்மையென்றால் இந்தக் காற்று அவள் முதுகில் அல்லவா அடிக்க வேண்டும்?

அவள் அங்கேயே நின்றாள். கணுக்கால் வரை சேறு ஏறியது. கப்பல் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருப்பதாகத் தோன்றியது. அதன் தலை அவளைப் பார்த்து, வடக்கே, திரும்பியிருந்தது. நங்கூரத்தில் கிடக்கும் கப்பல் காற்று வரும் திசையைத்தான் பார்த்து நிற்கும். இது நின்றிருந்த விதமே சரியில்லை, ஏதோ ஒரு சங்கிலி அறுந்திருக்கிறது.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? கால எடுங்க, உள்ள இழுத்துரும்” என்று பெண் கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவளால் காலை உருவ முடிந்தது.

திரும்பும் வழியில் ஓட்டுநர் இரண்டு முறை பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டார்.

அலுவலகத்தில் டிஸ்க்கைத் திறந்து, திருப்புவதற்கு முந்தைய கணக்கைப் பார்த்தாள். போன வருடம் இதே நாளில் காற்று எங்கிருந்து வந்தது என்று அவள் உடம்புக்கே தெரியும். மொட்டை மாடியில் காயப்போட்ட போர்வை வடக்குப் பக்கத்து வீட்டுக் கூரையில் போய் விழுந்த பருவம். கணக்கில் அன்றைய காற்று ‘வடக்கு’ என்றிருந்தது. அப்படியென்றால் இது வருகிற திசை அல்ல, போகிற திசை. யாரோ ஏற்கெனவே திருப்பியிருக்கிறார்கள்.

திருப்பி வெச்சிருக்கேன்மா.

நடையில் அவர் சொன்னது டிஸ்க்கை அல்ல, காற்றை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கணக்கை மறுபடி ஓட்டினாள், ஒரே ஒரு தடவை திருப்பி. திரையில் நிறம் மெல்ல ஊறியது. மணற்கரை வெளுத்தது. சிவப்பு வடக்கே நகர்ந்து, கழிமுகத்தின் வாயில் சேர்ந்து, உள்ளே நுழைந்து, காடு முழுக்கப் பரவி நின்றது. வெளியே போக அதற்கு வழியே இல்லை.

சொல்லாமல் இருந்தால்? ஒரு வேளை கப்பல் உடையாமலேயே இருக்கலாம். உடைந்தாலும் காற்றுதான் சதி செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். சொன்னால் முதல் கேள்வி யார் தப்பு என்பதுதான். அந்த அலுவலகத்தில் தப்பு என்றால் விசாரணை. விசாரணை என்றால் அது முடியும்வரை காத்தாடி அண்ணனுக்கு ஓய்வு கிடையாது. வாழ்நாள் முழுக்க ஒரு புகார் இல்லாத மனிதர், தலைகுனிந்து படியேறி இறங்கிக்கொண்டிருப்பார். அதுவும் எதற்காக? அவளுக்கு ஒரு வேலை குறையட்டும் என்று நினைத்ததற்காக.

இரண்டையும் தராசில் போட்டுப் பார்க்கிற நேரம் அதுவல்ல என்று அவளுக்குப் பட்டது. சேற்றில் நீண்ட அந்தக் கை ஞாபகம் வந்தது. கடவுளே, நாக்கு தடுமாறாமல் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டு இயக்குநர் அறைக் கதவைத் தட்டினாள்.

இயக்குநர் கடைசிவரை கேட்டார். கேட்கக் கேட்க முகம் கறுத்தது.

“நேத்துதாம்மா மேலிடத்துல நானே நின்னு சொன்னேன். கழிமுகம் பத்திரம்னு. இப்ப போய், மேப்பைத் தலைகீழாப் புடிச்சுட்டோம், மன்னிச்சுக்கங்கன்னு சொல்லவா?”

“சொல்லித்தான் ஆகணும் சார். காத்து மாறிடுச்சு. கப்பல் நிக்கிற நிலையும் சரியில்ல.”

“தடுப்பக் கழட்டி, லாரியில ஏத்தி, வடக்கே கொண்டு போயி... அதுக்குள்ள தெற்கே வந்துட்டா?”

“தெற்கே வந்தா அள்ளிடலாம் சார். அங்க போனா அள்ள முடியாது.”

இயக்குநர் எழுந்து ஜன்னலருகே போனார். கப்பலுக்கு முதுகைக் காட்டாமல் அவர் நின்றதை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள்.

“காத்து ரூம்லேருந்து வந்த கணக்குல ஏதாவது கோளாறா?”

ஒரு பொய் சொன்னால் போதும், அண்ணன் தப்பிவிடுவார். ஆனால் பொய்யை ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு நல்லது நடக்காது என்று அவள் நம்பினாள். நல்லவேளையாக, உண்மையிலேயே ஒரு வாக்கியம் கிடைத்தது.

“அந்தக் கணக்குல தப்பில்ல சார். கடைசியாத் திருப்பினது நான். பாக்காமக் கையெழுத்துப் போட்டதும் நான்.”

அவர் மேசையிலிருந்த தண்ணீரை அவள் பக்கம் தள்ளினார். “குடிங்க.” போனை எடுத்துக் கிடங்குக்குப் பேசினார், துறைமுகத்துக்குப் பேசினார், கடைசியில் மேலிடத்துக்கும் பேசினார். அந்தக் கடைசிப் பேச்சில் அவர் அதிகமும் “ஆமாங்க”தான் சொன்னார். போனை வைத்துவிட்டு, “வரைபட ரூம் சாவியக் குடுத்துட்டுப் போங்கம்மா. நாளைலேருந்து கரையில, சாமான் கிடங்குல வேலை. எனக்கு வேற வழியில்ல” என்றார்.

செய்தி மதியத்துக்குள் மாடி முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் அவள் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தபோது காத்தாடி அண்ணன் வந்து வாசலில் நின்றார்.

“திருப்பி வெச்சிருக்கேன்னு சொன்னேனேம்மா?”

“சொன்னீங்கண்ணே. டிஸ்க்கச் சொல்றீங்கன்னு நெனச்சுட்டேன்.”

“போன்ல பேசிக்கிட்டிருந்தே. நான் நின்னு சொல்லியிருக்கணும். காதுல விழுந்துச்சான்னு பாத்திருக்கணும். ஒத்தாசை பண்றேன்னு...” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் போய்ச் சொல்றேன். ரெண்டு பேரும்தான்னு சொல்றேன்.”

“இப்ப வேணாம்ணே. நீங்க போய்ச் சொன்னா இந்த நிமிசமே உங்களை ரூம விட்டு எழுப்பிருவாங்க. படகுக்காரங்க தடுப்புப் போடணும்னா மணிக்கு மணி காத்து சொல்ல ஆள் வேணும். உங்கள விட்டா அந்த நாற்காலியில யாரு இருக்கா? எனக்காக ஏதாவது பண்ணணும்னா உக்காந்து காத்தப் பாருங்க.”

அவர் தலையாட்டினார். போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் வீட்டுக்குப் போனதை யாரும் பார்க்கவில்லை.

தடுப்பு கழிமுக வாயில் ஏறிக்கொண்டிருந்தபோதே கப்பல் உடைந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஒரு நீண்ட முனகல் மட்டும் கரைவரை வந்தது, கிழவர் யாரோ படுக்கையில் புரண்டதுபோல. அப்புறம் கடல் மழமழவென்று ஆனது. அலை எழும்ப மறந்துவிட்டது. எண்ணெய் வருவதற்கு முன்பே வாடை வந்து வீடுகளுக்குள் புகுந்து, துணியிலும் தலையணையிலும் ஏறிக்கொண்டது. பிறகு கறுப்பு வந்தது. அவசரமே இல்லாமல், வழி தெரிந்த மாதிரி, வடக்கே வந்தது.

கடைசி முடிச்சைப் போட்டபோது எண்ணெயின் முன்விளிம்பு தடுப்பைத் தொட்டுவிட்டது. வெளி வரிசை மரங்கள் தப்பவில்லை. வேர்கள் கறுத்து நின்றன. உள்ளே காடு பச்சையாகவே இருந்தது. ஆனால் யாரும் மூச்சு விடவில்லை. கப்பலின் பாதி வயிறு இன்னும் நிறைந்திருந்தது. காற்று கொஞ்சம் கோணினாலும் தடுப்பைக் கோணத்துக்கு ஏற்ப இழுத்துக் கட்ட வேண்டும். தவறினால் அடியில் புகுந்து உள்ளே போய்விடும். படகுகள் எல்லாமே காற்று அறையிலிருந்து வரும் ஒரு வரிச் செய்தியை நம்பி மிதந்தன.

அவள் கிடங்கில் கையுறையும் சாக்கும் கொடுத்தாள். சிப்பி பொறுக்கும் பெண் அந்த ஆரஞ்சுச் சட்டையோடு வந்து வரிசையில் நின்று, “பொறந்த வீட்டுக்காரன் மொத்தச் சொத்தையும் அனுப்பிட்டான் பாத்தீங்களா” என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள். இருவரும் சேர்ந்து சாக்குகளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

இப்படி நாட்கள் போயின. ஒரு விடியற்காலையில், கிடங்கில் பூட்ஸ் தீர்ந்துவிட்டதென்று எடுக்க அவள் அலுவலகத்துக்கு வந்தாள். மாடியில் காற்று அறையில் மட்டும் விளக்கு. கதவு திறந்திருந்தது.

காத்தாடி அண்ணன் மேசையில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கில் அழுந்தியிருந்தது. வாய் லேசாகத் திறந்து, சின்னப் பையன் மாதிரி. அடுத்த நாள் அவருக்கு விடைகொடுக்கும் தேநீர். திரையில் காலைக் காற்று வந்து காத்திருந்தது, படகுகளுக்கு அனுப்பப்படாமல். ரேடியோவில் யாரோ, “காத்து ரூம், காத்து ரூம், தூங்கிட்டீங்களா சாமி” என்று மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் ரேடியோவின் குரலைக் குறைத்தாள். பக்கத்து நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்து உட்கார்ந்தாள். எண்களைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். காற்று சற்றுக் கிழக்கே சாய்ந்திருந்தது. தடுப்பின் மேல்முனையை இழுக்க வேண்டும். அதை எழுதி, வருகிற திசையா போகிற திசையா என்று தெளிவாகச் சொல்லி, படகுகளுக்கு அனுப்பினாள். “கெடச்சுது, இழுக்கறோம்” என்று பதில் வந்ததும்தான் கையை எடுத்தாள். அடுத்த மணிச் செய்திக்கான நேரம் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்து, அதையும் அனுப்பினாள்.

அண்ணன் அசையவில்லை. அவர் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, கை தட்டிவிடாத இடத்தில் வைத்தாள்.

எழுந்தவள் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். கதவருகே தொங்கிய பலகையில், கொட்டை எழுத்தில் எழுதினாள்:

‘ரெண்டு செய்தியும் போயாச்சு. வர்ற திசைதான் எழுதியிருக்கு. யாரும் மறுபடி திருப்ப வேண்டாம்.’

கீழே பெயர் போடவில்லை. வெயில் அவர் கண்ணில் விழாதபடி ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பூட்ஸ் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.